சீல் உடைக்காத பத்துப் பெட்டிகள்

கொள்முதல் பிரிவில் முப்பது வருஷம் இருந்தவன் என்று சொன்னால் நாகர்கோவிலில் ஆட்கள் உடனே என் வீட்டை ஏற இறங்கப் பார்ப்பார்கள். மாடி எடுத்திருக்கிறானா, கார் நிற்கிறதா, மகளுக்கு எத்தனை பவுன் போட்டான். ஓட்டு வீட்டையும் பழைய ஸ்கூட்டரையும் கண்டதும் 'பிழைக்கத் தெரியாத ஆளு' என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போவார்கள். டெண்டர்காரர்கள் யாரிடமும் நான் ஒரு டீ கூட வாங்கிக் குடித்ததில்லை. ஒரு காலத்தில் இதை வலியப் போய்ச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது சொல்வதில்லை. கை சுத்தமாக இருந்தால் போதும், மிச்சமெல்லாம் தானாக நேராகிவிடும் என்று நம்பியவன் நான். அந்த நம்பிக்கை என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. மாவட்டத்தில் இருக்கிற சின்ன ஆஸ்பத்திரிகளுக்குக் கட்டிலிலிருந்து கத்தரிக்கோல் வரை வாங்கிக் கொடுப்பது எங்கள் பிரிவு. டெண்டர் விடுவோம். உறையைப் பிரிப்போம். யார் குறைந்த விலை போட்டிருக்கிறாரோ அவருக்கு ஆர்டர் கொடுப்போம். பொருள் வந்ததும் ஸ்டாக்கில் ஏற்றுவோம். 'ஆத்துல போட்டாலும் அளந்து போடு' என்பார்கள். அளப்பதில் எங்களை மிஞ்ச ஆள் கிடையாது. போடுகிற இடம் ஆறா வயலா என்று மட்டும் பார்க்க மாட்டோம், அதைக் குறிப்பதற்கு ஃபைலில் இடம் கிடையாது.

மணவாளக்குறிச்சிக்கு மேற்கே, கடல் கூப்பிடு தூரத்தில், ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. சுற்றியுள்ள மீனவர் குடியிருப்புகளுக்கு அதுதான் பிரசவ ஆஸ்பத்திரி. அங்கே இருந்த செவிலியர் விளவங்கோடு பக்கத்துக்காரர். நாற்பதைத் தாண்டியவர், கணவர் வளைகுடாவில் எலக்ட்ரீஷியன். புயல் வந்த வருஷம் கரண்டு போய் நாட்கணக்கில் வரவில்லை. அங்கிருந்த ஜெனரேட்டருக்கு டீசலும் தீர்ந்துபோனது. குறைமாதத்தில் பிறந்த ஒரு குழந்தையைத் தன் நெஞ்சோடு சேலையால் கட்டிக்கொண்டு, ஒரு மீன் வண்டியில் ஏறி, விழுந்து கிடந்த ரப்பர் மரங்களைச் சுற்றிச் சுற்றி நாகர்கோவில் பெரிய ஆஸ்பத்திரி வரை கொண்டுவந்து சேர்த்தார் அவர். குழந்தை பிழைத்துவிட்டது. ஆனால் அந்தப் பயணம் அவரை விடவில்லை. அதற்குப் பிறகு வருஷம் தவறாமல் ஒரு மனு கொண்டுவருவார். பிரசவ அறைக்கு மட்டுமாவது சோலார் வேண்டும், பேட்டரியோடு வேண்டும்.

மனுவைத் தபாலில் அனுப்ப மாட்டார். விடுப்புப் போட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வந்து என் மேஜையில் வைப்பார்.

"சாரே, மத்ததுக்கெல்லாம் நாங்க மெழுகுதிரி கொளுத்தியாவது சமாளிச்சிக்கிடுவோம். பிள்ளைய வைக்கிற வார்மர் இரிக்குல்லா, பிறந்த பிள்ளைக்குச் சூடு குடுக்கது, அது அணையப்பிடாது. நான் வேற ஒண்ணும் கேக்கல்ல."

ஒரு தை மாதம் அனுமதி வந்தது. நான்தான் அவருக்குப் போன் செய்து சொன்னேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. எனக்கும் மனசு நிறைந்துதான் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை.

இனி எங்கள் வித்தையைச் சொல்கிறேன். பேனல், அதைத் தாங்குகிற இரும்புச் சட்டம், இன்வெர்ட்டர், பேட்டரி, வயரிங் எல்லாவற்றையும் ஒரே ஆளிடம் கொடுத்தால், வேலை செய்யாவிட்டால் அவன் ஒருவன் கழுத்தைப் பிடித்தால் போதும். ஆனால் மொத்தத் தொகை பெரிதாகிவிடும். பெரிதானால் ஃபைல் சென்னைக்குப் போகவேண்டும். சென்னைக்குப் போன ஃபைல் கட்டிக்கொடுத்த பெண் மாதிரி, நினைத்த நேரத்தில் திரும்பி வராது. அதனால் பிரித்துவிடுவது எங்கள் வழக்கம். பேட்டரிக்கு ஒரு டெண்டர், பேனலுக்கும் இன்வெர்ட்டருக்கும் ஒன்று, சட்டத்துக்கும் வயரிங்குக்கும் ஒன்று. விதிப்படி இது தப்பா என்றால், தப்பு என்று யாரும் எழுதாதபடி பிரிக்கத் தெரிந்தவன் நான்.

பிரித்து முடிப்பதற்குள் மார்ச் வந்துவிட்டது. அரசாங்க அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு மார்ச் என்றால் என்னவென்று தெரியும். கொடுத்த பணத்தை முப்பத்தொன்றாம் தேதிக்குள் செலவு செய்யாவிட்டால் அது திரும்பிப் போய்விடும், அடுத்த வருஷம் கேட்டால் 'போன வருஷமே செலவழிக்கவில்லையே' என்று கையை விரிப்பார்கள். எங்கள் அதிகாரி தோவாளைக்காரர். நல்ல மனுஷன், ரத்த அழுத்தக்காரர், மார்ச்சில் மட்டும் சிடுசிடுப்பார். அவர் என்னை அறைக்குள் கூப்பிட்டு, "பணம் திரும்பிப் போச்சுன்னா எனக்காக்கும்வே கேள்வி. என்னத்தையாவது வாங்கி ஸ்டாக்குல ஏத்தும்" என்றார்.

பேனல் டெண்டர் அதற்குள் முடியாது. இரும்புச் சட்டத்துக்கானது அதைவிடத் தாமதமாகும். பேட்டரிக்கு மட்டும் ஏற்கெனவே விலை முடிவான பட்டியல் இருந்தது, ஆர்டர் போட்டால் ஒரு வாரத்தில் வந்து இறங்கும். "பேட்டரிய முதல்ல வாங்கிருவோம் சார்" என்று சொன்னது நான்தான். வேறு யாரும் இல்லை. அவர் முகம் தெளிந்து, "நீரு ஆளு கொள்ளாம்வே" என்றார். அன்று மத்தியானம் எனக்குச் சாப்பாடு ருசியாக இருந்தது.

பத்துப் பெட்டிகள் வந்தன. சுகாதார நிலையத்தின் ஸ்டோர் அறையில் குளுக்கோஸ் பாட்டில்களுக்குப் பக்கத்தில் அடுக்கிவைத்து, செவிலியரிடம் ஸ்டாக் பதிவேட்டில் கையெழுத்து வாங்கினோம். அங்கே பொருள் யார் பெயரில் ஏறுகிறதோ அவர்தான் அதற்குப் பொறுப்பு. என் பிரிவில் இருந்த உதவியாளர் குசும்பு பிடித்தவர். "கல்யாணப் பொண்ணு பாக்கல்ல, தொட்டில் வாங்கியாச்சு" என்றார். நானும் சிரித்தேன்.

வைகாசியில் செவிலியர் போன் செய்தார்.

"சாரே, எங்க வீட்டுக்காரரு போன்ல சொன்னாரு. இந்த மாதிரி பேட்டரிய சும்மா போட்டு வச்சா உள்ளுக்குள்ளயே செத்துப்போவுமாம். ரெண்டு மூணு மாசத்துக்கு ஒருக்கா சார்ஜ் ஏத்தணுமாம். இங்கன பக்கத்துல பேட்டரிக் கடைக்காரரு இரிக்காரு, வந்து ஏத்தித் தாறேங்காரு. பெட்டியத் தொறக்கட்டா?"

"ஐயோ சிஸ்டர், சீல உடைச்சிராதீங்க. உடைச்சா வாரண்டி போச்சு. பேனல் வந்ததும் கம்பெனி ஆளு வந்து எல்லாம் செய்வான்."

எனக்கு யார் சொன்னது வாரண்டி போய்விடும் என்று? யாரும் சொல்லவில்லை. எந்தக் காகிதத்திலும் நான் படிக்கவில்லை. சீல் என்பது அட்டைப்பெட்டியைச் சுற்றி ஒட்டியிருந்த பிளாஸ்டிக் நாடா, அவ்வளவுதான். வருஷா வருஷம் ஸ்டாக் சரிபார்க்க ஆள் வருவார். சீல் இருக்கிற பெட்டி என்றால் எண்ணிவிட்டுப் போய்விடுவார். சீல் உடைந்த பெட்டி என்றால் ஏன் உடைத்தாய், யார் அனுமதி, உள்ளே இருப்பது அதே பொருள்தானா என்று கேள்விகள் கிளம்பும். முப்பது வருஷம் சீல் உடையாத பெட்டிகளைக் காட்டிக் காட்டியே பேர் எடுத்தவன் வாயில், கேட்ட நிமிஷம் அந்தப் பதில்தான் வரும்.

ஆவணியில் மறுபடி கேட்டார். அதே பதிலைச் சொன்னேன். ஐப்பசியில் மூன்றாவது தடவை. அன்று என் மேஜையில் வேறு ஒரு டெண்டர் சண்டை, இரண்டு கம்பெனிக்காரர்கள் எதிரே நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். "சாரே, அந்தப் பேட்டரி காரியம்..." என்று அவர் ஆரம்பித்ததும் எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது.

"சிஸ்டர், உங்களுக்குச் சம்பளம் பேட்டரி பாக்கதுக்கா, பிரசவம் பாக்கதுக்கா?"

"செரி சாரே" என்று போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் பேட்டரியைப் பற்றி என்னிடம் கேட்கவில்லை.

பேனல் டெண்டர் நடந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் தடவை ஒரே ஒருவர்தான் விலை போட்டிருந்தார். மார்த்தாண்டம் பக்கத்து ஆள், கடற்கரையில் வேலை செய்து பழகியவர். உப்புக்காற்றுக்கு இன்ன இரும்புதான் நிற்கும், இன்ன ஆணிதான் துருப்பிடிக்காது என்று கூடவே ஒரு தாள் எழுதி வைத்திருந்தார். ஒரே ஆள் போட்டால் போட்டி இல்லை என்று அர்த்தம், அதனால் ரத்து. இரண்டாம் தடவை அவரும் போட்டார், வெளியூர்க் கம்பெனி ஒன்றும் போட்டது. வெளியூர்க்காரன் போட்ட விலைக்குப் பேனலைக் கனவில்தான் வாங்க முடியும் என்று எனக்குத் தெரியும், அதிகாரிக்கும் தெரியும். ஆனால் குறைந்த விலையை ஒதுக்கிவிட்டுக் கூடிய விலைக்கு ஆர்டர் கொடுத்தால், நாளைக்கு ஆடிட்காரர் முன்னால் நிற்கப் போவது யார்? கொடுத்தோம். அவன் ஆறு மாதம் 'இந்தா வருகிறது' என்று சொல்லி, இரண்டு தடவை காலநீட்டிப்பு வாங்கி, கடைசியில் போனை எடுக்காமல் விட்டுவிட்டான். மூன்றாவது டெண்டர் போட்டோம். மார்த்தாண்டத்துக்காரர் அதில் கலந்துகொள்ளவில்லை. வழியில் ஒருநாள் பார்த்தபோது, "உங்க கூட ஓடி எனக்கு மூச்சு வாங்குது அண்ணாச்சி, நான் வீட்டு மாடிகளுக்குப் போட்டுட்டு நிம்மதியா இருக்கேன்" என்றார். வேறு யாரோ எடுத்தார்கள்.

அடுத்த வருஷம் ஆவணியில்தான் மொட்டை மாடியில் பேனல் ஏறியது. பெட்டிகள் வந்து பதினேழு மாதம்.

திறப்பு விழாவுக்கு நானும் போனேன். பந்தல், மைக், பூமாலை, வாழைக்குலை எல்லாம் இருந்தன. பெரிய மனிதர் ஒருவர் சுவிட்சை அழுத்தினார். காட்டுவதற்காக மெயின் கரண்டை நிறுத்தினார்கள். ஃபேன் சுற்றியது, டியூப்லைட் எரிந்தது, கைதட்டினார்கள். அவர் பேச்சு முடியும்வரை ஃபேன் நிற்கவில்லை. செவிலியர் புதுச் சேலை உடுத்தி வந்திருந்தார். என் பக்கத்தில் வந்து மெதுவாக, "சாரே, வார்மரப் போட்டு ஒருக்கா பாக்கட்டா?" என்று கேட்டார். "ஆளுக இருக்காவ, பொறவு பாக்கலாம்" என்றேன்.

மூன்று ஒப்பந்தக்காரர்களும் மூன்று வேலை முடிந்த சான்றிதழ் வாங்கிக்கொண்டு போனார்கள். பேனல் சரியாக இருக்கிறது என்று ஒன்று. வயரிங் சரியாக இருக்கிறது என்று ஒன்று. பேட்டரி பத்து எண்ணம் நல்ல நிலையில் பெறப்பட்டது என்று ஒன்று, அது பதினேழு மாதத்துக்கு முன்னால் எழுதியது. எல்லாம் சேர்ந்து அந்த வார்மரை எத்தனை நேரம் ஓட்டும் என்று பார்ப்பது யாருடைய ஒப்பந்தத்திலும் இல்லை. நான்தானே பிரித்தேன், எனக்குத் தெரியாதா?

இதற்கு நடுவில் ஒரு காரியத்தை மட்டும் நாங்கள் மின்னல் வேகத்தில் செய்தோம். சோலார் வந்துவிட்ட இடத்தில் ஜெனரேட்டர் வைத்திருக்கக்கூடாது, டீசல் செலவு காட்ட முடியாது. திறப்பு விழா முடிந்த வாரமே பழைய ஜெனரேட்டரைக் கழித்து எழுதி ஏலத்தில் விட்டோம். இருமி இருமி ஓடினாலும் ஓடிக்கொண்டிருந்த ஜெனரேட்டர் அது. கோட்டாற்றிலிருந்து பழைய இரும்புக்காரர் வந்து ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த பத்து நாளில் செவிலியரின் கடிதம் வந்தது. இந்தத் தடவை போன் இல்லை, எழுத்தில். வார்மரும் ஆக்சிஜன் மெஷினும் சேர்த்துப் போட்டால் கால்மணி நேரத்தில் பேட்டரி இறங்கிவிடுகிறது, உடனே ஆள் அனுப்ப வேண்டும், அதுவரை ஜெனரேட்டரைத் திருப்பித் தர வேண்டும். நான் அதைப் பேனல்காரருக்கு அனுப்பினேன். பேட்டரி நாங்கள் கொடுத்ததல்ல என்று அவர் பதில் எழுதினார். பேட்டரிக்காரருக்கு அனுப்பினேன். பொருத்தியவர் தவறாகப் பொருத்தியிருக்கலாம் என்று அவர் எழுதினார். நான் இரண்டு பதிலையும் ஒன்றின் நகலை மற்றவருக்கு அனுப்பி, விளக்கம் கேட்டேன். அப்போது அதை வேலை என்றே நினைத்தேன். தினமும் ஃபைல் என் மேஜைக்கு வந்தது, நானும் தினமும் ஏதோ எழுதினேன்.

ஐப்பசி மழை அந்த வருஷம் ஒரேயடியாகப் பிடித்துக்கொண்டது. ஒரு மத்தியானம், நான் அலுவலகத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம்தான் என்று பிறகு கணக்கிட்டுப் பார்த்தேன். எட்டாம் மாதத்தில் வலி எடுத்து ஒரு பெண்ணை மாமியார் ஆட்டோவில் கொண்டுவந்திருக்கிறார். கணவன் கடலுக்குப் போயிருந்தான். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப நேரமில்லை, அங்கேயே பிறந்துவிட்டது. பெண் குழந்தை, ரொம்பச் சின்னது, மூச்சு விட்டு விட்டு வந்தது. செவிலியர் வார்மரில் வைத்து ஆக்சிஜன் கொடுத்திருக்கிறார், ஆம்புலன்சுக்குச் சொல்லியாகிவிட்டது. அப்போது எங்கேயோ லைனில் மரம் விழுந்து கரண்டு போனது. மழை இருட்டில் பேனலால் பயனில்லை, பேட்டரி எடுத்துக்கொண்டது. கால்மணி நேரம் ஓடியது. பிறகு இன்வெர்ட்டர் கூவிவிட்டு அணைந்தது.

ஆம்புலன்ஸ் வழியில் இன்னொரு மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றது. செவிலியர் ரப்பர்ப் பையைக் கையால் அமுக்கி அமுக்கி மூச்சுக் கொடுத்திருக்கிறார். பிறகு குழந்தையைத் தன் நெஞ்சில் வைத்துக் கட்டிக்கொண்டு, கையை நிறுத்தாமல், வண்டி வரும்வரை நின்றிருக்கிறார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. குழந்தை மறுநாள் காலை பெரிய ஆஸ்பத்திரியில் இறந்துபோனது.

கரண்டு இருந்திருந்தாலும் பிழைத்திருக்குமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் அங்கிருந்த டாக்டர். அந்த வார்த்தையைப் பல நாள் நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்லப்போனால், செய்தி கேட்டதும் நான் முதலில் குழந்தையை நினைக்கவில்லை. ஃபைலை எடுத்துவரச் சொல்லி, என் கையெழுத்து எங்கெங்கே இருக்கிறது என்று பார்த்தேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அன்று வெட்கமாக இல்லை.

ஃபைலில் ஓரிடத்தில் கை நின்றது. பெட்டிகளோடு பேட்டரிக் கம்பெனி அனுப்பிய தாள். பயன்படுத்தாமல் வைத்திருந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டாயம் சார்ஜ் ஏற்ற வேண்டும், இல்லையென்றால் உத்தரவாதம் கிடையாது என்று அதில் தெளிவாக அச்சடித்திருந்தது. தாளின் மூலையில் சிவப்பு மையில் பக்க எண். ஃபைலுக்குப் பக்க எண் போடுவது நான்தான். எண்ணைப் போட்டிருக்கிறேன், தாளைப் படிக்கவில்லை.

கடலோர ஊரில் ஆட்கள் கூடிச் சத்தம் போட்டதால் விசாரணை வைத்தார்கள். பேட்டரிக் கம்பெனிக்காரர் இந்தத் தடவை உடனே ஓடிவந்தார். பத்தையும் சோதித்து, நீண்டகாலம் சார்ஜ் ஏற்றாமல் வைத்திருந்ததால் கெட்டுப்போனது, உத்தரவாதம் பொருந்தாது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அதிகாரி என்னைக் கூப்பிட்டார்.

"பதினேழு மாசம் ஸ்டாக் யாரு பேருலவே இருந்துது?"

"சிஸ்டர் பேருல சார்."

"அப்பம் அவங்களுக்கு ஒரு மெமோ போடும். விளக்கம் வரட்டு, பாப்போம்."

நான் அப்போது வாயைத் திறந்திருக்கலாம். சார், அந்தம்மா மூணு தடவ கேட்டாங்க, நாந்தான் வேண்டாம்னேன். இவ்வளவுதான் சொல்லவேண்டியது. நான் ஓய்வு பெற ஐந்து மாதம் இருந்தது. விசாரணை ஏதாவது நிலுவையில் இருந்தால் ஓய்வு பெறவே விடமாட்டார்கள், பென்ஷன் தொங்கும். "சரி சார்" என்று வந்து மெமோவை நானே எழுதினேன். தங்கள் பொறுப்பில் இருந்த அரசுப் பொருளை உரிய முறையில் பராமரிக்கத் தவறியது ஏன் என்று.

பதில் தர அவருக்குப் பதினைந்து நாள் இருந்தது. பதினான்காம் நாள் மத்தியானம் அவரே வந்தார். உதவியாளர் சாப்பிடப் போயிருந்தார், பிரிவில் நான் மட்டும் இருந்தேன். மழையில் நனைந்த குடையை வெளியே வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்தார். மெலிந்துபோயிருந்தார். பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் அவர் கையெழுத்து இருந்தது.

"படிங்க சாரே."

ஒன்றில், கொள்முதல் பிரிவுக் கண்காணிப்பாளரிடம் மூன்று முறை போனில் கேட்டேன், பெட்டியைத் திறக்கக்கூடாது என்று சொன்னார், மூன்றாம் முறை இன்னவாறு பேசினார் என்று எழுதியிருந்தது. நான் பேசியதை ஒரு சொல் மாறாமல் எழுதியிருந்தார். இன்னொன்றில் நாலே வரிகள். பராமரிப்பு முறை தெரியாமல் கவனக்குறைவாக இருந்துவிட்டேன், மன்னிக்க வேண்டும்.

"இது எதுக்கு சிஸ்டர் ரெண்டு?" என்றேன்.

"நீங்க போன்ல சொன்னதுக்கு எங்கிட்ட ஒரு சாட்சியும் இல்ல சாரே. முதல் கடுதாசியக் குடுத்தா உங்கள வரச்சொல்லிக் கேப்பாவ. நீங்க இல்லன்னு சொல்லிட்டா நான் பிள்ளையக் கொன்னவளும் ஆச்சு, கள்ளம் சொன்னவளும் ஆச்சு. நீங்க ஆமான்னு சொன்னா மட்டுந்தான் அதுக்கு வெல. அதாக்கும் ரெண்டையும் கொண்டாந்தேன். எது வேணுமோ நீங்களே எடுத்துக்கிடுங்க."

"சிஸ்டர்..."

"நான் உங்களுக்கு நன்ம செய்ய வந்தேன்னு நினைக்காண்டாம். அந்தப் பிள்ளைக்க நெஞ்சு என் கையில கெடந்து துடிச்சுது. எனக்க கையில இன்னும் அது இரிக்கு. நீங்க எடுக்குதத நான் இரிந்து பாக்கணும், அதுக்காக்கும் வந்தேன்."

அவர் அழவில்லை. நேராக என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலே ஃபேன் சுற்றியது. மகளுக்குப் பேறுகாலம் நெருங்கிக்கொண்டிருந்ததை நினைத்தேன். பென்ஷனை நினைத்தேன். முப்பது வருஷத்தை நினைத்தேன். ரொம்ப நேரம் யோசித்ததாகச் சொல்லிக்கொள்ள ஆசைதான். அப்படி இல்லை. என் கை நாலு வரித் தாளை எடுத்தது.

அவர் மற்றத் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "வாறேன் சாரே" என்று எழுந்து, வெளியே குடையை எடுத்து உதறிவிட்டு, படியிறங்கிப் போனார்.

உதவியாளர் வருவதற்குள் நான் அந்தத் தாளுக்குப் பக்க எண் போட்டு, குறிப்பு எழுத ஆரம்பித்தேன். 'செவிலியர் தமது கவனக்குறைவை எழுத்துமூலம் ஒப்புக்கொண்டுள்ளார்.' அதிகாரி அதில் ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் கையெழுத்துப் போட்டார்.